பொருத்தம் பார்த்து வாங்குவோம்: முதல் கேமிங் கணினிக்கான பாகங்கள்



எஸ்.பி.எம். முடிந்ததும் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு கேமிங் கணினி பூட்டணும் என்று ஆசைப்படும் மாணவர்கள் ஜாசினிலும் உண்டு, அலோர் காஜாவிலும் உண்டு. "சார், எது மலிவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, "எது எதோடு சேரும்?" என்பதே. பொருந்தாத பாகம் பழுதான பாகம் இல்லையே! கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தால் சேமிப்பு முடங்கிப்போகும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு ஐந்து போதும்.

1. செயலியும் மதர்போர்டும்
சாக்கெட் ஒன்றாக இருக்கணும். ரைசன் 5 5600 செயலிக்கு ஏஎம்4. ரைசன் 5 7600-க்கு ஏஎம்5. இன்டல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1700. சாக்கெட் சேர்ந்தாலும் பயோஸ் பார்க்கணும். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. 5600 வந்ததோ 2022-இல். பழைய பயோஸ் உள்ள போர்டுக்கு அந்தச் செயலியை அடையாளம் தெரியாது. "பயோஸ் அப்டேட் பண்ணியாச்சா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

2. போர்டும் ரேமும்
ஏஎம்4-க்கு டிடிஆர்4, ஏஎம்5-க்கு டிடிஆர்5. எல்ஜிஏ 1700-இல் இரண்டு வகைப் போர்டும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இரண்டு ரேமிலும் 288 ஊசிகள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், உடைந்துபோகும். 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டு போடுங்கள். இரு தடங்களில் தரவு ஓடும்.

3. படம் எங்கிருந்து வரும்?
5600-இல் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். பணம் பத்தாதவர்கள் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி வாங்கி, வாலரன்ட், டோட்டா 2 போன்ற இலகுவான விளையாட்டுகளோடு தொடங்கலாம். கார்டைப் பிறகு சேர்க்கலாம். கார்டு போட்ட பின் திரையின் கேபிளைக் கார்டில்தான் செருகணும், போர்டில் அல்ல.

4. பவர் சப்ளை
கூட்டிப் பார்ப்போம். 5600 அதிகபட்சம் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், மற்றவை தோராயமாக 50 வாட். மொத்தம் 258. இந்தக் கார்டுக்கு ஏஎம்டி பரிந்துரைக்கும் பவர் சப்ளை 450 வாட். ஆகவே தரமான 500 அல்லது 550 வாட் போதும். கார்டுக்கு 8 ஊசி இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பேர் தெரியாத மலிவுப் பவர் சப்ளை பழுதானால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

5. கேசிங்கும் எஸ்எஸ்டியும்
ஏடிஎக்ஸ் போர்டு சிறிய கேசிங்கில் நுழையாது. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரு வகை உண்டு. போர்டு எதை ஏற்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும்.

பயிற்சி
ஒருவரிடம் ரைசன் 5 7600, பி550 போர்டு, டிடிஆர்4 ரேம் உள்ளன. ஒரே ஒரு பாகத்தை மாற்றிச் சரிசெய்க.

விடை: பி550 ஏஎம்4 போர்டு, டிடிஆர்4 அதற்குப் பொருந்தும். ஆகவே செயலியை மட்டும் மாற்றி 5600 போடணும்.

ஆசிரியர்களே, படிவம் 5 கணினி அறிவியலில் கணினிக் கட்டமைப்பு நடத்தும்போது இத்தகைய கேள்விகளைக் குழுப்பணியாகக் கொடுக்கலாம். மாணவர்களே, பணம் கட்டுமுன் பாகங்களின் முழு மாடல் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கடைக்காரரிடம் காட்டுங்கள். "எல்லாம் சேரும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பேச்சுக்கு இடமில்லை.