உரமேற்றும் கருவியும் நீரின் அழுத்தமும்

சொட்டு நீர்ப் பாசனம் செய்யும் குடியானவர்களுள் பலர், உரமேற்றும் கருவியின்மேல் ஒட்டிய சீட்டில் கண்ட அளவே தங்கள் பயிருக்குச் சேரும் உரத்தின் அளவென்று நம்பி வருகின்றனர். அது சரியன்று. வென்சுரி எனப்படும் இக்கருவிக்குத் தனி இயந்திரம் கிடையாது. அதன் குறுகிய கழுத்தில் நீர் விரைந்து ஓடுங்கால் அவ்விடத்து அழுத்தம் குறைகிறது. அக்குறைவே தொட்டியிலுள்ள உரக்கரைசலை இழுக்கிறது. இவ்வியல்பை இத்தாலிய பௌதிக சாஸ்திரியான ஜியோவன்னி பட்டிஸ்டா வென்சுரி 1797-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

விவசாய மாணவர்களுக்கு இதனைக் கரும்பலகையில் விளக்குவதைவிடத் தோட்டத்தில் காட்டுவதே நலம். கருவிக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு அழுத்தமானிகளைப் பொருத்தி, உறிஞ்சு குழலை உரத்திற்குப் பதிலாக ஒரு வாளி நீரில் இடல் வேண்டும். முன்மானி 2 கிலோவும் பின்மானி 1.9 கிலோவும் காட்டும்போது வாளி நீர் குறையாது. பெருங்குழாயின் வால்வைச் சிறிது சிறிதாக மூடிப் பின்மானியை 1.4-க்கு இறக்கினால் நீர் இறங்குவதை மாணவர் கண்ணாரக் காண்பர். பொதுவாக, நுழையும் அழுத்தத்தில் ஐந்திலொரு பங்கேனும் கருவியில் குறைந்தாலன்றி உறிஞ்சுதல் நிகழாது. கருவிக்குக் கருவி இது வேறுபடும். ஆகையால் கடிகாரமும் அளவு ஜாடியும் கொடுத்து, நிமிஷத்திற்கு இவ்வளவு என்று அவர்களையே குறிக்கச் செய்தல் அவசியம்.

பெருங்குழாயில் மணிக்கு 10,000 லிட்டர் ஓடக் கருவி 100 லிட்டர் இழுக்குமாயின், கலப்பு நூற்றுக்கு ஒன்று. இழுப்பு 50 லிட்டராகத் தாழ்ந்தால் இருநூற்றுக்கு ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து வால்வு மாற்றுகிறவரின் அப்பகுதி வாழைக்குப் பாதி யூரியாவே சேரும். தொட்டியில் நின்ற மீதி அடுத்த பகுதிக்குப் போகும். ஒரே தோட்டம் ஒருபுறம் வெளுத்தும் மறுபுறம் கறுத்தும் நிற்கக் கண்டு கன்றைக் குறை கூறுவதுண்டு. பாவம், கன்று என்ன செய்யும்!

மின்சாரம் தாழ்ந்து மோட்டார் தளர்ந்தால் முன் அழுத்தம் விழும். கருவிக்கு அப்பாலுள்ள வடிகட்டி அடைபட்டால் பின் அழுத்தம் ஏறும். இரண்டிலும் இழுப்புக் குறையும். பலர் கருவியைக் கழற்றிப் பார்ப்பர். கழுவ வேண்டியதோ வடிகட்டி. நீர்விசையால் இயங்கும் உந்து பம்புகள் ஓட்டத்திற்கேற்ப அளந்து இழுப்பதால் அவற்றில் இத்தொல்லை குறைவு, விலையோ அதிகம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. மோட்டார் நின்றவுடன் குழாய் நீர் பின்னோக்கி இறங்கி, உரக்கரைசலையும் கிணற்றுக்கு இழுத்துச் செல்லக்கூடும். குடிநீருக்கும் பயன்படும் கிணறாயின், செக் வால்வு இல்லாத இணைப்பில் உரமேற்றுவதை, அது பொருத்தப்படும் வரையில் நிறுத்தச் செய்தல் வேண்டும்.