மலைக்கு அப்பால் – 9: லாஸ்கி எழுதிய கடிதம்

வெளிநாட்டில் பொறியியல் மேற்படிப்புக்கு வேண்டிய ஜி.ஆர்.இ., மொழித் தேர்வு, விண்ணப்பக் கட்டணம் எல்லாம் சென்ற வாரத்தோடு முடிந்தன. இந்த வாரம் பரிந்துரைக் கடிதம், இடம் இருந்தால் ஜெர்மனியில் படிக்கத் தொடங்க வேண்டிய வங்கிக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். கடிதத்திலிருந்தே தொடங்குவோம். கடிதம் என்றதும் என் நினைவுக்கு வந்தது 1948-ல் டெல்லியில் நடந்த ஒரு சந்திப்பு. இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படிப்பை முடித்துத் திரும்பிய ஒரு மலையாள இளைஞருக்குப் பிரதமர் நேருவைப் பார்க்க நேரம் கிடைத்தது. லண்டனைப் பற்றி, படித்த கல்லூரியைப் பற்றிப் பேசினார்கள். நேரம் முடிந்தது என்று உணர்ந்த இளைஞர் விடைபெற்று எழுந்தார். எழும்போதுதான் தன் ஆசிரியர் ஹெரால்டு லாஸ்கி கொடுத்தனுப்பிய கடிதத்தை நேருவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். வட்டமான நீண்ட தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நேரு நின்று கூப்பிடுகிறார். இளைஞர் அறையைவிட்டு வெளியே வருவதற்குள் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டிருக்கிறார். இதை ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டார். விடைபெறும்போது கொடுத்தால் போதும் என்று நினைத்தேன் என்றார் இளைஞர். இன்னும் சில கேள்விகள் கேட்டுவிட்டு, மறுபடி வந்து பார்க்கச் சொன்னார் நேரு. 1949-ல் அந்த இளைஞர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

அவர் பெயர் கே.ஆர். நாராயணன். இடுக்கி மாவட்டத்தை ஒட்டியிருக்கும் கோட்டயம் மாவட்டத்து உழவூர்க்காரர். ஓலைக் குடிசையில் பிறந்த தலித் பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் மைல்கணக்கில் நடந்தவர். பாலக்காட்டு மாவட்டத்து வாசகர்களுக்கு இன்னொரு உறவும் உண்டு. 1984, 1989, 1991 என மூன்று முறையும் ஒற்றப்பாலம் தொகுதிதான் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1997-ல் குடியரசுத் தலைவர் ஆனார். அவர் படித்தது பொறியியல் இல்லை, அரசியல் விஞ்ஞானம். ஆனால் கையில் காசில்லாத ஒரு பிள்ளை கடல் தாண்டிப் படிக்க என்னென்ன காகிதம் வேண்டும் என்பதற்கு இவரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

லாஸ்கியின் கடிதம் ஏன் வேலை செய்தது? எழுதியவருக்கு மாணவரைத் தெரியும். படித்தவருக்கு எழுதியவரைத் தெரியும். மூணாறு பொறியியல் கல்லூரியிலோ, பைனாவில் இருக்கும் இடுக்கி அரசுப் பொறியியல் கல்லூரியிலோ, ஸ்ரீகிருஷ்ணபுரத்திலோ, அகத்தேத்தறை என்.எஸ்.எஸ். கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைக்கு இதில் இரண்டாவது பாதி கிடைக்காது. அமெரிக்காவில் கடிதத்தைப் பிரிக்கும் பேராசிரியருக்கு நம் ஆசிரியரைத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் முதல் பாதி இரண்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்' என்று எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. அது நன்னடத்தைச் சான்றிதழ். இந்த மாணவி ஐந்தாம் பருவத்தில் எந்தச் சோதனையைச் செய்தாள், எங்கே தவறியது, அதை எப்படிக் கண்டுபிடித்தாள், நான் பாடம் நடத்திய வகுப்புகளில் இவள் முதல் பத்தில் ஒருத்தியா, முதல் இருவரில் ஒருத்தியா என்று எழுதினால்தான் அது கடிதம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எழுபது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு மாணவியின் சோதனை நினைவிருக்காது. நினைவூட்டுவது மாணவர் வேலை. ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பாடம் அவரிடம் படித்தீர்கள், என்ன புராஜெக்ட் செய்தீர்கள், எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி என்ன. அமெரிக்கப் பொறியியல் துறைகள் பலவற்றில் கடைசித் தேதி டிசம்பர் முதல் வாரத்துக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் வரும். செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். கடிதம் உங்கள் கைக்கு வராது. ஆசிரியருக்கே ஒரு இணைப்பு போகும், அவரே பதிவேற்ற வேண்டும். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் மதிப்பு கூடும்.

மூணாறு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "சார், மூணு பேர் லெட்டர் கேக்குறாங்க. எனக்குப் பாடம் எடுத்ததுல ரெண்டு பேர் கெஸ்ட் லெக்சரர். இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியல." இது அவளுடைய பிரச்சினை மட்டும் இல்லை. ஒப்பந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அவரோடு அந்த மாணவியின் மூன்று வருடச் சாட்சியமும் போய்விடுகிறது. பாடம் முடிந்ததுமே ஆசிரியரின் தனி மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளம்மா என்றுதான் அவளுக்குப் பதில் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. இப்போது கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. வேலந்தாவளத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கோடை விடுமுறையில் அங்கே ஒரு ஆய்வகத்தில் வேலை செய்ய இடம் கேட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் பக்கத்தில் நின்று பார்த்த பேராசிரியர் எழுதும் கடிதம், நான்கு வருடம் தூரத்தில் நின்று பார்த்தவரின் கடிதத்தைவிடக் கனமானது.

இந்தக் கடிதமே பணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் நம் கைக்காசுதான். முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவர்களுக்கோ பொறியியல் துறைகள் வழக்கமாகக் கட்டணத்தை நீக்கி, ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் என்று மாதச் சம்பளமும் தருகின்றன. அந்தச் சம்பளத்தை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யும்போது மதிப்பெண்ணைவிட அதிகமாகப் பேசுவது கடிதம்.

நாராயணனிடம் திரும்ப வருகிறேன். நேருவிடம் போக லாஸ்கியின் கடிதம் இருந்தது. லாஸ்கியிடம் போகப் பணம் எங்கிருந்து வந்தது? டாடா கொடுத்தது. 1945-ல் டாடா உதவித்தொகையில்தான் அவர் கப்பலேறினார். ஜே.என். டாடா அறக்கொடை தொடங்கியது 1892-ல். இந்தியப் பிள்ளைகள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கவென்று ஜாம்ஷெட்ஜி டாடா ஏற்படுத்தியது. அதில் முதலில் பணம் பெற்றுப் போனவர்கள் இரண்டு பெண்கள், மருத்துவர்கள்: ஃப்ரேனி காமாவும் கிருஷ்ணாபாய் கேளாவ்கரும். 1890-களில்! அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணாவும் இதே அறக்கொடையில் லண்டன் போனவர்தான். அது இலவசப் பணம் கிடையாது, கடன் உதவித்தொகை. படித்து முடித்துத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டிய பணத்தில் அடுத்த பிள்ளை போகும். 130 வருடங்களைத் தாண்டியும் நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் இன்றும் விண்ணப்பிக்கலாம்.

மூணாறில் 1897 முதல் இருந்த கண்ணன் தேவன் கம்பெனியின் தோட்டங்கள் ஃபின்லே கம்பெனியின் கையிலிருந்து டாடா-ஃபின்லே ஆகி, 1983-ல் டாடா டீ ஆயின. 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி வந்தது. ஆக, கொழுந்து பறித்த கைகளுக்கும் இந்தப் பெயருக்கும் பல பத்தாண்டு உறவு. அந்தத் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அதே பெயரில் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் தரும் ஓர் அறக்கொடை இருப்பதை யாராவது சொன்னார்கள்? பத்தாம் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பீர்கள். 4 லட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை இன்னொருவர் ஜாமீன் கையெழுத்து. அதையும் தாண்டினால் நிலமோ வீடோ ஈடு வைக்க வேண்டும். வங்கிகள் வழக்கமாகப் பின்பற்றும் கல்விக் கடன் முறை இது. வெளிநாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம் ஒரு மூலைக்கும் காணாது. எஸ்டேட் தொழிலாளியிடம் ஈடு வைக்க என்ன இருக்கிறது? லயம் கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டிய வீடு. நான்கு தலைமுறை அதே மலையில் உழைத்தவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று தோட்டத் தொழிலாளிப் பெண்கள் மூணாறு சாலையில் போராட உட்கார்ந்தபோது நாள் கூலி 232 ரூபாய். அன்றைய டாலர் விலையில் 100 டாலர் விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு மட்டும் ஒரு தாயின் ஒரு மாதக் கூலி முழுசாகப் போயிருக்கும்.

அப்படியானால் அரசு உதவித்தொகைதான் வழி. வழி இருக்கவும் செய்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950-களிலிருந்தே நடப்பது. வருடத்துக்கு 125 இடம், பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பட்டப்படிப்பில் 60 சதவீதம். கட்டணம், விமானச் சீட்டு, விசாச் செலவு போக ஆண்டுக்கு 15,400 டாலர் வாழ்க்கைச் செலவுக்குத் தருகிறார்கள். பிரிட்டன் என்றால் 9,900 பவுண்டு. பழங்குடி மாணவர்களுக்குத் தனியாக 20 இடம், அதில் 3 நலிந்த பழங்குடிகளுக்கு. அட்டப்பாடியின் குறும்பர்களும் பரம்பிக்குளத்துக் காடர்களும் அந்த 3-க்குள் வருகிறவர்கள். கேரள அரசும் தன் ஒடெபெக் நிறுவனம் வழியாக 'உன்னதி' உதவித்தொகையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களை அனுப்புகிறது.

இத்தனைக்கும் முதல் காகிதம் சாதிச் சான்றிதழ். கேரளத்தின் எல்லைத் தமிழர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. பட்டியல் மாநிலவாரியானது. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இந்தப் பக்கம் குடியிருந்தது என்று காட்டினால்தான் கேரளத்தில் சான்றிதழ். பள்ளர், பறையர், சக்கிலியர் எல்லாம் கேரளப் பட்டியலிலும் இருக்கும் சாதிகள்தான். ஆனாலும் தாத்தா 1952-ல் கங்காணியோடு மலையேறியவர் என்றால் பேரன் இங்கே பட்டியல் சாதி ஆகமாட்டான். ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் அப்பாவோடு பம்பாய்க்குப் போன பழங்குடி மாணவர் மர்ரி சந்திரசேகர ராவ், மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு கேட்ட வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. இடம்பெயர்ந்தவர் தன் சாதி நிலையை இழப்பதில்லை, ஆனால் சலுகை சொந்த மாநிலத்திலிருந்துதான் என்று 1985-ல் மத்திய அரசே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சொந்த மாநிலம் என்றால் தமிழ்நாடு. அங்கே போனால், கேரளத்தில் பிறந்து கேரளத்தில் படித்தவனுக்கு இங்கே என்ன என்பார்கள். தமிழ்நாட்டு அரசு வெளிநாட்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டமும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத்தான்.

தேவிகுளம் தனித் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்வான ஏ. ராஜாவின் வழக்கை எல்லோரும் கட்சிச் செய்தியாகப் படித்தோம். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தலை ரத்து செய்ததும், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியதும், குடும்பம் எப்போது மலைக்கு வந்தது, எந்த மதம், எந்தச் சாதி என்ற கேள்விகளைச் சுற்றித்தான். ஒரு சட்டமன்ற உறுப்பினரே உச்ச நீதிமன்றம் வரை போய் நிரூபிக்க வேண்டியிருந்த விஷயத்தை, லயத்திலிருந்து வரும் 21 வயதுப் பிள்ளை விண்ணப்பம் மூடுவதற்குள் நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது அநியாயம். மலையில் பிறந்து மலையில் படித்த பிள்ளைக்கு, தாத்தா ரயிலேறிய வருடத்தைப் பார்க்காமல் சான்றிதழ் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டம் மாற வேண்டும், நாடாளுமன்றத்தால் முடியும்.

சட்டம் மாறும்வரை காகிதம் வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் இந்த விடுமுறையிலேயே தேடத் தொடங்குங்கள். தாத்தா பாட்டியின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, எஸ்டேட் செக்ரோல், பழைய சம்பளச் சீட்டு, 1950-க்கு முந்தைய எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். ஓய்வு பெற்ற எஸ்டேட் கணக்கர்களே, பழைய பதிவேடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். கேட்டு வருகிற குடும்பங்களுக்குத் தயவுசெய்து வழி காட்டுங்கள்.

ஜெர்மனியில் கணக்கு தொடங்கப் போட வேண்டிய 11,904 யூரோவைப் பற்றி அடுத்த வாரம்.