கருப்பட்டிச் சத்து எப்போது ஆபத்து?

உடன்குடி என்றாலே கருப்பட்டி மணக்கும்!

செம்மணல் தேரியில் பனைகள் நிற்கின்றன. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறங்குகிறது. அது காய்ந்து பாகாகி, தேங்காய்ச் சிரட்டையில் உறைந்து கருப்பட்டி ஆகிறது. 2023-ம் ஆண்டில் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சீனியைப் போல இதை வெளுப்பதில்லை. ஆகவே, பனையின் வேர் மண்ணிலிருந்து உறிஞ்சிய பொட்டாசியம், இரும்பு போன்ற தாதுக்கள் அதிலேயே தங்கி விடுகின்றன. "உடம்புக்கு நல்லது" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்து கொள்ளும் ஒருவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது!

இரண்டு காவற்காரர்கள்

நம் முதுகுப் பக்கம், விலா எலும்பை ஒட்டி இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுதான். அவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வேண்டிய தாதுவையும் நீரையும் உடம்புக்கே திருப்பித் தருகின்றன. மிஞ்சியதைச் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன.

சர்க்கரை நோயோ, ரத்தக் கொதிப்போ இந்தக் காவற்காரர்களைச் சாய்த்து விட்டால், மிஞ்சிய தாது ரத்தத்திலேயே தேங்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். திடீரென்று நின்றும் போகும்!

கருப்பட்டி மட்டுமல்ல, இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு.

சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் எந்திரத்தை 1943-ம் ஆண்டில் ஹாலந்து டாக்டர் கோல்ப் செய்தார். முதலில் வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. 1945-ம் ஆண்டில் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்து எழுந்தார்!

படிகாரம் செய்த வேலை

இந்த எந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும். நாம் வாரத்துக்குச் சுமார் 14 லிட்டர் தண்ணீர் குடிக்கிறோம். டயாலிசிஸ் நோயாளியின் ரத்தத்தை ஒட்டி ஓடும் தண்ணீரோ, ஒரு தடவைக்கே சுமார் 120 லிட்டர்! நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. தண்ணீரில் இம்மியளவு உலோகம் இருந்தாலும் ரத்தத்துக்குள் புகுந்து விடும்.

கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவது வழக்கம். அதில் அலுமினியம் இருக்கிறது. குடிப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. குடல் அதைப் பெரும்பாலும் ஏற்காது; ஏற்ற கொஞ்சத்தையும் சிறுநீரகம் தள்ளிவிடும்.

டயாலிசிஸ் நோயாளிகள் கதை வேறு. 1970-க்குப் பிறகு மேல்நாடுகளில் சிலருக்குப் பேச்சு குளறியது. நினைவு தப்பியது. வலிப்பு வந்தது. மாண்டவர்களின் மூளையில் அலுமினியம் குவிந்திருந்ததை, 1976-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ஆல்பிரே வெளியிட்டார்.

1996-ம் ஆண்டில் குராசோ தீவில் புதுக் குழாய் போட்டார்கள். அதன் உட்புறச் சிமெண்டுப் பூச்சிலிருந்து அலுமினியம் கசிந்தது. டயாலிசிஸ் நோயாளிகள் 10 பேர் உயிரிழந்தனர்!

அதனால்தான் இப்போது ஆஸ்பத்திரிகளில் தண்ணீரை மிக நுண்ணிய சவ்வில் வடிகட்டிய பிறகே எந்திரத்துக்கு விடுகிறார்கள். அந்தத் தண்ணீரை அடிக்கடி சோதிக்கவும் வேண்டும்.

குறைந்தாலும் கஷ்டம்

மறுபக்கமும் உண்டு. இந்நோயாளிகள் பலருக்குத் துத்தநாகமும் செலினியமும் குறைகின்றன. துத்தநாகம் குறைந்தால் நாக்கில் ருசி மங்கும், சோறு இறங்காது.

"சத்து மாத்திரைதானே!" என்று கடையில் தானே வாங்கி விழுங்கலாகாது. துத்தநாகம் அதிகமானால் உடம்பில் தாமிரம் குறையும். அதனால் ரத்த சோகை வரும்.

வீட்டார் கவனிக்க

காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும்.

"சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். அதை வாங்க வேண்டாம்.

டாக்டர் சொல்லும் நாளில் ரத்தத்தைச் சோதித்து, அதன்படி உணவை வகுத்துக் கொள்ள வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. நோயாளியின் அளவைச் சொல்ல வேண்டியது ரத்தப் பரிசோதனைதான். பாசத்தோடு கருப்பட்டிக் காப்பி ஆற்றும் கை, அதுவரை சற்றுப் பொறுக்கட்டும்!