பழைய பென்ஸ், புது ஓனர்: ரீகால் கடிதம் யார் வீட்டுக்குப் போகுது?

ஞாயிற்றுக்கிழமை காலையில கனகம்மாசத்திரம் டீக்கடை பக்கம் நின்னா, திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போற பெரிய பெரிய சொகுசு கார்களைப் பார்க்கலாம். அதுல எத்தனை செகண்ட் ஹேண்டோ! பத்து வருஷ பழைய பென்ஸ் எஸ்யூவி, புது சின்ன கார் விலைக்கே கிடைக்குது. வாங்குறவங்க டயர் பார்ப்பாங்க, ஏசி பார்ப்பாங்க. ரீகால் பாக்கி இருக்கான்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி.

2022 ஜூன்ல மெர்சிடிஸ் பென்ஸ் உலகம் முழுக்க 9,93,407 கார்களைத் திரும்ப அழைச்சது. 2004 முதல் 2015 வரை தயாரான எம்எல், ஜிஎல், ஆர் கிளாஸ் வண்டிகள். பிரச்சினை பிரேக் பூஸ்டர்ல. நம்ம கால் அழுத்துற விசையை வெற்றிடத்தோட உதவியால பல மடங்கு ஆக்கித் தர்ற டப்பா அது. அதைச் சுத்தி இருந்த ரப்பர் உறைக்குக் கீழ ஈரம் தங்கி, துரு பிடிச்சு, காத்து கசிய ஆரம்பிக்கலாம். அப்போ பிரேக் கல்லு மாதிரி இறுகும். துரு ரொம்ப முத்திட்டா, ஓங்கி மிதிக்கும்போது பெடலுக்கும் பிரேக்குக்கும் உள்ள இணைப்பே அறுந்துபோக வாய்ப்பு உண்டு. திருத்தணி மலையில இருந்து இறங்கும்போது இப்படி ஆனா?

நம்ம சட்டம் என்ன சொல்லுது? 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல 110ஏ பிரிவு வந்துச்சு. 2021 ஏப்ரல் 1 முதல் அரசே ரீகால் உத்தரவு போடலாம், 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரை அபராதமும் விதிக்கலாம். ஆனா அந்த விதி ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். துருவுக்கு ஏழு வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. பழைய வண்டிகளுக்கு கம்பெனி தானா முன்வந்து செய்யுற ரீகால்தான் கதி.

அங்கதான் அடுத்த சிக்கல். நீங்க ஆர்சியில பேர் மாத்துனா அது ஆர்டிஓவுக்குத் தெரியும். கம்பெனி ஃபைல்ல தானா மாறாது. கடிதம் பழைய ஓனர் வீட்டுக்கே போய்க்கிட்டு இருக்கும். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, பேட்ச் ரெடி, நோட்டிஃபிகேஷன் மட்டும் தப்பான ஃபோனுக்கு.

அதனால அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஆர்சியில இருக்குற 17 இலக்க சேஸிஸ் நம்பரை வாங்குங்க. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "இந்த வண்டிக்கு ரீகால் பாக்கி இருக்கா?"ன்னு கேளுங்க. ரீகால் வண்டியோட ஒட்டினது, ஓனரோட இல்ல. மூணாவது கை மாறி வந்திருந்தாலும் அந்த வேலைக்குக் காசு கேக்கக் கூடாது. முடிச்சிருந்தா ஜாப் கார்டு நகல் வாங்கி வைங்க.

ஏற்கெனவே இந்த மாடல் வச்சிருக்கீங்களா? நின்ன இடத்துலேயே இன்ஜினை ஆன் பண்ணி பிரேக்கை மிதிங்க. புஸ்ஸுன்னு காத்து போற சத்தம் கேட்டாலோ, பெடல் வழக்கத்தைவிட இறுகினாலோ ஓட்டாதீங்க, டோ பண்ணிக் கொண்டுபோங்க. சத்தம் வரலைன்னாலும் செக் பண்ணியே ஆகணும். அமெரிக்காவுல இந்த ரீகால் வந்தப்போ கம்பெனியே, செக் பண்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்கன்னு சொல்லி இலவசமா டோ பண்ணிக் கொடுத்துச்சு.