வேடரும் கண்டி இராச்சியமும்: தனிமை என்னும் கற்பிதம்

இலங்கை வேடரைப் பற்றிய நூல்கள் பல, அவர்களை வரலாற்றுக்குப் புறம்பான காட்டு மக்களாகவே கொள்வன. இக்கருத்து மீளாய்வுக்குரியது.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டு வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தமது நூலில் ஒரு பண்டமாற்று முறையைப் பதிவு செய்துள்ளார். வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டுச் செல்வர். வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையொன்றும் அருகே தொங்கும். கொல்லன் அவ்வாறே செய்துகொடுப்பின் மேலும் இறைச்சி கிட்டும். செய்யாதுவிடின் ஓரிரவு அம்பு அவன்மீதே பாயலாம். முகங்காணாத இவ்வுறவை நட்பு என்பதற்கில்லை. ஆயின் தனிமை என்பதும் பொருந்தாது. வேடனின் வேட்டை கொல்லனின் உழைப்பிலே தங்கியிருந்தது. அரச அதிகாரிகள் வேடரிற் சிலரிடமிருந்து தேனும் மெழுகும் பெற்றமையையும் நொக்ஸ் கூறுவர்.

கலகெதரவிலிருந்து இன்று வேடரைக் காண விழைவோர் மகாவலி கடந்து தம்பானைக்குச் செல்லவேண்டும். ஆயின் அண்மையிலுள்ள மாத்தளையின் எல்லைகளிலேயே வேடர் தலைவர் காவலிருந்தமையை 'மாத்தளைக் கடயிம்பொத்த' என்னும் சிங்கள எல்லை நூல் ஊர்ப்பெயர்களுடன் சுட்டுகின்றது. கணநாத் ஒபயசேகர வேடரைக் கண்டிச் சமுதாயத்தின் அங்கமாகக் கண்டமைக்கு இத்தகைய சான்றுகளே ஆதாரம்.

பின்னர் அவர்களை ஒதுக்கியது எது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கருதியது. கண்டிப் பிரதேசச் சேனை நிலத்துக்குச் சன்னசு முதலிய அரச உறுதி காட்டவேண்டும் என்றது. வாய்வழி மரபில் வாழ்ந்த வேடன் சன்னசுக்கு எங்கே போவான்? கோப்பித் தோட்டங்களுக்கு நிலந்தேடிய மூலதனத்துக்கு உகந்த சட்டம் இது. அம்மூலதனமே தமிழகத்துத் தொழிலாளரையும் இம்மலைகளுக்குக் கொணர்ந்தது. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்து நோக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

எக்குவடோர் நாட்டு மழைக்காடுகளில் வாழும் சுவார் மக்களும் இவ்வாறே 'தலை வேட்டையாடும் காட்டுமிராண்டிகள்' எனப்பட்டனர். ஐரோப்பியச் சந்தை அத்தலைகளை விலைக்கு வாங்க, பதிலுக்குத் துப்பாக்கிகள் கிடைத்தபோதே அவ்வழக்கம் பெருகிற்று என்பது மறைக்கப்பட்டது. ஈண்டும் செலிக்மன் தம்பதியரின் 1911 ஆம் ஆண்டு நூல் 'தூய' வேடரைத் தேடிற்று. நிலமிழந்த மக்களின் வறுமையே தொன்மை எனத் தோற்றியிருத்தல் கூடும்.

சுதந்திரத்தின் பின்னரும் நிலைமை மாறவில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் வேட்டைக் காடுகளை நீரில் ஆழ்த்தியது. 1983 இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது எஞ்சிய காட்டில் வேட்டையாடல் குற்றமாயிற்று. தம்பானைத் தலைவர் திசாஹாமி தம் இடத்தைவிட்டு அகல மறுத்தார். அவர் மகன் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடியினர் தொடர்பான செயற்குழுவின் முன் அக்காட்டுக்கு உரிமை கோரினார்.