செம்மறிக் குட்டிகளுக்குப் பால் மறப்பிக்கும் பருவம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே செம்மறியாடுகள் இறைச்சிக்காக மட்டுமன்றித் தோட்ட நிலத்துக்கு எருவூட்டுவதற்காகவும் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்துள்ளன. அறுவடை முடிந்த வயலிலும் தரவையிலும் பகலில் மேய்ந்து, இரவிற் பட்டியில் அடைபடும் இவ்வாடுகள் கமக்காரனுக்குச் செலவு குறைந்த செல்வமாகும். ஆயினும், நன்றாய்ப் பிறந்த குட்டிகள் மூன்றாம் நான்காம் மாதத்தில் வயிறு பருத்து, முதுகெலும்பு தெரிய நிற்பதுண்டு. தாய்ப்பாலை நிறுத்திய காலமும் முறையும் இதற்கு முக்கியமான காரணங்களாகும்.

பிறந்த குட்டியின் இரைப்பை வளர்ந்த ஆட்டினுடையதைப் போன்றதன்று. அதன் நான்கு அறைகளுள் பாலைச் செரிக்கச்செய்யும் நான்காம் அறையே அப்போது பெரியது. புல்லையும் குழையையும் நொதிக்கச்செய்யும் முதலறை சிறியதாய், வேலையற்றுக் கிடக்கும். குடிக்கும் பால் ஒரு மடிப்பின் வழியாக அதனைக் கடந்து நேரே நான்காம் அறையை அடைகின்றது. ஆதலால் முதலறையை வளர்ப்பது பாலன்று. குட்டி கொறிக்கும் திண்ணிய தீனியேயாகும். அத்தீனி நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் அறையின் உட்சுவரிற் சிறு முளைகளை வளர்க்கின்றன. அம்முளைகளே பின்னர்ச் சத்தை உறிஞ்சுகின்றன. இரண்டாம் வாரந்தொட்டுத் தீனி பெற்ற குட்டிக்கு ஏறக்குறைய 8 வாரத்தில் இவ்வறை தொழிற்படத் தொடங்கிவிடும். பாலையே நம்பி வளர்ந்த குட்டிக்கோ அதே வயதில் அது ஆயத்தமாயிராது. வயது ஒன்று, வயிறு வேறு.

தாயின் பால் ஈன்ற மூன்றாம் நான்காம் வாரங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர் குறைந்து செல்லும். எனவே 6 முதல் 8 வாரத்திற் பாலை நிறுத்தலாம் என்பது, புண்ணாக்கும் தவிடும் தடையின்றி ஊட்டக்கூடியவருக்கே பொருந்தும். மேய்ச்சலை மட்டும் நம்பியிருப்போர் 3 மாதம் வரை பொறுத்தலே நன்று. அதற்கு மேலும் விட்டுவைத்தால் தாய் மெலிந்து, மறுமுறை சினைப்படத் தாமதமாகும். 4, 5 மாதக் கிடாய்க் குட்டிகள் பட்டியிலுள்ள தாயையும் தங்கையையும் சேர்தலுங் கூடும்.

நாட்களை எண்ணுவதிலும் எடையைப் பார்ப்பதே உறுதியான வழி. குட்டியைச் சாக்கிலிட்டுத் தொங்குதராசில் நிறுக்கலாம். பிறக்கும்போது 2 கிலோகிராம் இருந்த குட்டி 6 கிலோகிராம் அளவுக்கு வந்து, நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் உலர்தீனியையும் தின்னுமாயின் அதனைப் பிரிக்கலாம். இரட்டைக் குட்டிகள் இவ்வளவை எட்டச் சில வாரம் பிந்தலாம். ஒரே நாளிற் பிறந்தன என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளிற் பிரிக்கவேண்டியதில்லை.

தீனியைப் பழக்குவதற்குப் பட்டியின் ஒரு மூலையிற் பனைமட்டையால் அடைப்பொன்று கட்டி, குட்டி மட்டும் நுழையத்தக்க இடைவெளி விடவேண்டும். உள்ளே சிறிதளவு தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும், இளங்குழையும், நல்ல நீரும் வைக்கவேண்டும். மிஞ்சியதை அன்றாடம் அகற்றுக. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை, மலிவாகக் கிடைத்ததென்று, ஒருபோதும் இடலாகாது.

பிரிக்கும்போது குட்டியை இடம் மாற்றுவது வழக்கமாயினும் அது தவறு. தாயையே அகற்றவேண்டும், குட்டிகள் பழகிய இடத்தில், பழகிய தீனியோடு இருத்தல் வேண்டும். மடி வற்றும்பொருட்டுத் தாய்க்குச் சில நாட்களுக்கு முன்னரே சத்துத்தீனியைக் குறைத்துவிடலாம். இரண்டு மூன்று நாட் கத்தியபின் குட்டிகள் அடங்கிவிடும்.

ஒரு வாரமளவில் எடை ஏறாது நின்றால் அஞ்சவேண்டியதில்லை. இரண்டு வாரங் கடந்தும் ஏறாவிடின் குடற்புழுவை ஐயுறவேண்டும். பாலை விட்டுப் புல்லையே நாடும் குட்டி புழுவின் இளம்பருவங்களையும் சேர்த்து விழுங்குகின்றது. மாரிகாலத்து ஈரப்புல்லில் இவை மிகுதி. கண்ணிமையின் உட்புறம் வெளிறுதலும், தாடையின்கீழ் வீங்குதலும் இரத்தம் உறிஞ்சும் புழுவின் அடையாளங்களாகும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததாகையால், குட்டியை நிறுத்துக் குறித்துக்கொண்டே மிருக வைத்தியரிடம் செல்லவேண்டும்.