தேர்த்துகளின் பகுதியெண்ணும் பாடத் திருத்தமும்

தமிழர் பின்னவெண்களைக் கீழ்வாயிலக்கம் என வழங்கினர். முந்திரி என்பது 1/320. அதனை மீண்டும் 320 கூறு செய்யின் கீழ்முந்திரி, அஃதாவது 1/102400, ஆகும். அதற்குங் கீழே இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம், சிந்தை, கதிர்முனை, குரல்வளைப்படி, வெள்ளம், நுண்மணல், தேர்த்துகள் எனப் பெயர்கள் இறங்கிச் செல்கின்றன. இறுதியிலுள்ள தேர்த்துகளின் பகுதியெண் 2323824530227200000000. இருபத்திரண்டு இலக்கமுடைய இப்பேரெண்ணின் இயல்பு, பட்டியலின் பாடத்தைத் திருத்தத் துணைசெய்யுமாற்றை ஈண்டுக் காண்போம்.

இவ்வெண்ணைப் பகாவெண்களாகப் பிரிப்பின், 2 இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 என்பன ஒவ்வொரு முறையும் வரும். ஆதலின் இது 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும், 19-ஆல் வகுபடாது. மனம்போனவாறு அடுக்கிய இலக்கங்களில் இவ்வொழுங்கு அமைதல் அரிது. படிதோறும் சிற்றெண்ணாற் பெருக்கிப் பெற்ற தொகை இஃது என்பது இதனாற் பெறப்படும்.

பட்டியலும் இதற்குச் சான்றாகும். அணுவின் பகுதியெண் 165580800. அதனை 9-ஆற் பெருக்கக் குணம் வரும். பின்னர் முறையே 5, 6, 7, 17, 14 ஆகியவற்றாற் பெருக்கிச் செல்லச் சிந்தையின் பகுதியெண்ணாகிய 74481555456000 கிடைக்கும். ஆயின் இன்று பெரிதும் வழங்கும் பட்டியலில், அடுத்துள்ள கதிர்முனைக்கு 489631109120000 எனக் காணப்படுகிறது. சிந்தையின் எண்ணால் இதனை வகுப்பின் முழுவெண் வாராது. வழு எங்குளது?

குணத்திற்கு 9-ஆற் பெருக்கினமையின், அதற்குப் பிற்பட்ட பகுதியெண் ஒவ்வொன்றும் 9-ஆல் வகுபடல் வேண்டும். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அவ்வாறே. கதிர்முனையின் கூட்டுத்தொகை 44. குரல்வளைப்படிக்கு (9585244364800000) 58. வெள்ளத்திற்கும் (575114661888000000) நுண்மணலுக்கும் (57511466188800000000) 60. நான்கும் வகுபடா. ஓரிலக்கமே விடுபட்டதெனக் கொள்ளின், விடுபட்டவை முறையே 1, 5, 3, 3 ஆதல் வேண்டும். அவற்றை எண்களின் தலையிற் சேர்த்துக் காண்க. சிந்தையிலிருந்து 20, 40, 60, 100 எனப் பெருக்கம் முழுமையாக அமைகிறது. நுண்மணலை 6½-ஆற் பெருக்கத் தேர்த்துகளின் எண் பிழையின்றி வருகிறது. பேரெண்ணினுள் 13 புகுந்த வழியும் இவ்வாறரையே.

இந்நான்கும் வேறொரு மரபின் பாடமாதல் கூடாதோ எனின், கூடாது. சிந்தை, தேர்த்துகள் என்னும் இரு முனைகளும் அப்பட்டியலிலேயே சிதையாதுள்ளன. ஒன்றை மற்றொன்றால் வகுக்க 31200000 வரும். அது 20, 40, 60, 100, 6½ ஆகியவற்றின் பெருக்கமேயாகும்.

பதிப்பாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வழுவுற்ற எண்களுக்குள்ளும் குரல்வளைப்படிக்கும் வெள்ளத்திற்கும் இடையே 60-உம், வெள்ளத்திற்கும் நுண்மணலுக்கும் இடையே 100-உம் பொருந்தியே நிற்கின்றன. அண்டை எண்ணோடு மட்டும் ஒப்பிடுவோர் பிழையைப் பாடமென மயங்குவர்.

இவ்வாராய்ச்சி பாடத்தைத் திருத்துமேயன்றி, தேர்த்துகளைக் கொண்டு எவரேனும் எதனையும் அளந்தனர் என்பதை நிறுவாது. அது வேறு சான்றுகளாற் காணத்தக்கது. எனினும், செய்யுளின் சிதைவைத் தளையும் தொடையும் காட்டிக்கொடுத்தல் போல, எண்ணின் சிதைவை அதன் பெருக்கம் காட்டிக்கொடுக்கும். எழுத்தைச் சோதிக்கும் அத்துணைக் கருத்தோடு எண்ணையும் சோதித்து அச்சிடுதல் நம் கடன்.